அசைபோடுவதா, காட்சிக்குள் நுழைவதா?

கத்தோலிக்கத் திருச்சபையில் ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதி மறைமாவட்டம். தருமபுரி மறைமாவட்டம் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரி மாவட்டமும் இதற்குள்தான் வருகிறது. இங்கே உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய தவக்காலத்தில் ‘தியானம்’ என்றால் பெரும்பாலும் பந்தலில் உட்கார்ந்து மறையுரை கேட்பது. அது வேறு. வீட்டில் தனியாகத் திருவிவிலியத்தை விரித்து வைத்துச் செபிக்க இரண்டு பழைய வழிகள் உண்டு: லெக்சியோ டிவினா எனும் இறைவார்த்தை வாசிப்பு ஒன்று, இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் காட்சித் தியானம் மற்றொன்று. எதை எடுப்பது என்பதைக் கையிலிருக்கும் பகுதியே பாதி முடிவு செய்துவிடும்.

‘தாகம்’ என்ற ஒரே பொருளை எடுத்துக்கொள்வோம். திருப்பாடல் 63 லெக்சியோவுக்கு ஏற்றது. அதில் கதை இல்லை, சொல்தான் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டுக் கர்த்தூசியத் துறவி இரண்டாம் குயிகோ இம்முறையை நான்கு படி ஏணியாக வகுத்தார்: வாசிப்பு, தியானம், செபம், கடைசியாக இறைவன் முன் சும்மா இருத்தல். முதல் எட்டு வசனம் போதும். வாய்விட்டு, மெதுவாக, இரண்டு முறை படிக்க வேண்டும். ‘தரிசு நிலம்’ என்ற இடத்தில் மனம் நின்றால் அங்கேயே நிற்கலாம். மேலே போக அவசரமில்லை. அந்தச் சொல்லை மாடு அசைபோடுவதுபோலப் பத்து நிமிடம் மெல்லச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். பழைய துறவியர் தியானம் என்றதும் இந்த முணுமுணுப்பைத்தான். மழை பொய்த்து விதைக்காமல் விட்ட காட்டைப் பார்த்தவருக்குத் ‘தரிசு’ என்பதற்கு உரை எதுவும் வேண்டாம். பிறகு ஐந்து நிமிடம் சொந்த வார்த்தையில் செபம், இன்னொரு ஐந்து நிமிடம் மௌனம். மொத்தம் இருபத்தைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இது கெடுவது பெரும்பாலும் இரண்டாம் படியில். மனம் அசைபோடுவதை விட்டு விளக்கம் தேடப் போய்விடும். அடிக்குறிப்பு, அதிலிருந்து இன்னொரு வசனம், கடைசியில் ஞாயிறு மறையுரைக்குக் குறிப்புத் தயார். விவிலிய வகுப்பு எடுப்பவர்களும், பங்கில் மறைக்கல்வி கற்பிக்கும் வேதியர்களும்தான் இதில் அதிகம் சிக்குவார்கள். முதல் இருபது நிமிடம் அடிக்குறிப்பைத் தாளால் மறைத்து வைப்பது நல்ல மருந்து.

இனி யோவான் 4:5-15, கிணற்றருகே சமாரியப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்கும் நிகழ்ச்சி. இது இஞ்ஞாசியாரின் வழிக்கு உரியது. 1548இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற அவருடைய ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூல் காட்டும் வரிசை இது: ஆயத்த செபம், நிகழ்ச்சியை நினைவுகூர்தல், இடத்தை மனத்தில் அமைத்தல், வேண்டும் அருளைத் தெளிவாகக் கேட்டல். அடுத்து ஆட்களைப் பார்ப்பது, பேச்சைக் கேட்பது, செய்வதைக் கவனிப்பது. முடிவில் நண்பரிடம் பேசுவதுபோல் இயேசுவிடம் உரையாடல்.

நண்பகல், வெயில், குடம், தண்ணீர் மொள்ள எதுவும் கையில் இல்லாத களைத்த மனிதர். குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வராத நாளில் குடத்தோடு நின்றவர்களுக்கு இந்தக் காட்சி சட்டென்று பிடிபடும். பிடிபடுவதிலேயே ஒரு சிக்கலும் உண்டு. நம் ஊரின் அகன்ற, பாறை வெட்டிய, படி வைத்த கிணறு மனத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். வரட்டும். அதைத் திருத்த முயன்றால் நேரம் வீணாகும். இடம் அமைக்க இரண்டு மூன்று நிமிடத்துக்குமேல் செலவிட்டால் செபம் சினிமாவாகிவிடும். ஆடையின் நிறம் வரை தெரியும், ஆனால் இயேசுவிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டோம். உரையாடலுக்குக் கடைசிப் பத்து நிமிடத்தை ஒதுக்கியே ஆக வேண்டும்.

இஞ்ஞாசியார் ஒரு தியானத்துக்கு முழு ஒரு மணி நேரம் கேட்கிறார். மனம் வறண்ட நாளில் மணிக்கு மேலும் சற்று இருக்கச் சொல்கிறார். முடிந்தபின் கால் மணி நேரம் உட்கார்ந்தோ நடந்தோ, என்ன நடந்தது என்று திரும்பிப் பார்க்க வேண்டும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒசூரில் இரவு ஷிப்ட் முடித்து வருபவருக்கும், மாம்பழப் பருவத்தில் கூழ் ஆலைக்குப் போகிறவருக்கும் இது தினமும் நடக்காது. அவர்கள் வார நாளில் லெக்சியோவும், ஓய்வு நாளில் காட்சித் தியானமும் வைத்துக்கொள்ளலாம்.

சுபாவமும் கணக்கில் வரும். சும்மா இருந்தாலே தூங்கி விழுபவருக்குக் காட்சித் தியானம் உதவும். ஏற்கெனவே மனம் நூறு படம் ஓட்டுகிறவருக்கு ஒரே சொல் நல்லது. குற்ற உணர்வு அதிகம் வாட்டுபவர்கள் காட்சிக்குள் இயேசுவின் வாயில் தங்கள் தண்டனையை வைத்துவிடுவார்கள். அவர்களுக்கு வழிகாட்டும் அருள்தந்தையோ சகோதரியோ கட்டாயம் வேண்டும். அந்நூல் சொல்லும் முப்பது நாள் முழுப் பயிற்சியையும் துணையின்றித் தொடங்கக் கூடாது. வேலையை விட முடியாதவர்களுக்கு நாளுக்கு ஒன்றரை மணி நேரம் வைத்து நீட்டிச் செய்யும் வழியை இஞ்ஞாசியாரே நூலின் தொடக்கத்திலுள்ள பத்தொன்பதாம் குறிப்பில் தந்திருக்கிறார்.

அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் செபிக்கக் கூடும் குழுவான அன்பியத்தில் பத்துப் பேர் சேரும்போது காட்சித் தியானம் எடுபடாது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேகத்தில் இருப்பார்கள். லெக்சியோ அங்கே நன்றாக நடக்கும், எழுத்துத் தெரியாத பாட்டியும் சேர்ந்துகொள்ளலாம். ஒருவர் வாசித்தால் போதும், பாட்டி தன் காதில் விழுந்த ஒரு சொல்லை மூன்று முறை சொல்வார். அந்தச் சொல்லுக்கு யாரும் உடனே விளக்கம் சொல்லாமல் அரை நிமிடம் பொறுத்திருக்க வேண்டும்.