அடித்தட்டு எங்கே உரியும்? ஒரு கணினிப் பகுப்பாய்வுச் சேவையைப் பெற்ற அனுபவம்

நாகப்பட்டினத்தில் ஃபைபர் படகுப் பட்டறை நடத்தும் நான், திருச்சியில் உள்ள ஒரு சிறு பகுப்பாய்வு நிலையத்திடம் சென்ற ஆண்டு பெற்ற சேவையைப் பற்றி எழுதுகிறேன். மணலிலேயே ஏற்றி இறக்கும் படகுகளின் அடித்தட்டில் ஒரு நோய் உண்டு. மேலே ஜெல்கோட்டில் (வழவழப்பான வெளிப்பூச்சில்) கீறல்கூடத் தெரியாது. ஆனால் நாணயத்தால் தட்டிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் கணீரென்ற ஒலி அடங்கி, விரிசல் விட்ட பானையைத் தட்டினாற்போல் மொத்தென்று கேட்கும். அங்கே மேட்டும் (கண்ணாடி இழைத் துண்டுகளாலான விரிப்பு) ரோவிங்கும் (தடித்த கண்ணாடி இழைகளால் நெய்த துணி) ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கும். அடுக்குகளை எந்த வரிசையில் போட்டால் இது குறையும் என்று அறியவே அவர்களிடம் போனேன்.

அவர்கள் உடனே கணினியைத் திறக்காதது எனக்கு முதலில் பிடித்தது. புத்தகத்தில் உள்ள எண்களை எடுத்துக்கொள்ளாமல், எங்கள் ரெசினில் (இழைகளைப் பிணைக்கும் பிசினில்) எங்கள் ஆட்களே போட்ட தகட்டைக் கேட்டார்கள். நடு அடுக்கில் ஒரு முனையில் 13 மைக்ரான் தடிமனுள்ள ஒட்டாத படலத்தை வைத்து வார்த்து, 25 மி.மீ. அகலத் துண்டுகளாக அறுத்துக் கொடுத்தோம். பிரிந்த முனையின் இரு பக்கமும் கீல் ஒட்டி இழுத்தபோது, வாழை மட்டையை உரிக்கையில் நார்கள் குறுக்கே இழுபடுவதுபோல், ரோவிங் இழைகள் விரிசலின் இரு கரையையும் பற்றிக்கொண்டு நின்றதைக் கண்ணால் பார்த்தேன். இந்தப் பிடிப்பினால் விரிசல் நீள நீள எதிர்ப்பும் கூடும். அந்தக் கூடுதல் மதிப்பை நம்பாமல், விரிசல் நகரத் தொடங்கத் தேவைப்பட்ட ஆற்றலையே கணக்கில் எடுத்தது பொறுப்பான முடிவு. மணலில் மோதி வளையும் தட்டில் அடுக்குகள் திறப்பதைவிடச் சறுக்குவதே அதிகம் என்பதால், வளைத்துப் பார்க்கும் சோதனையையும் தனியே செய்தார்கள்.

கணிப்புக்கு அவர்கள் கையாண்டது ஒட்டுமண்டல முறை. 1960-களின் தொடக்கத்தில் டக்டேல், பாரன்பிளாட் என்ற ஆய்வாளர்கள் வகுத்த கருத்திலிருந்து வளர்ந்த இம்முறையில், அடுக்குகளுக்கிடையே உள்ள விசை உச்சத்தைத் தொட்டபின் படிப்படியாகத் தளர்ந்து பூச்சியமாகிறது. அடுக்குகள் விலக விலக அந்த விசை மாறுவதை வரைந்தால் வரும் வளைகோட்டின் கீழுள்ள பரப்பே சோதனையில் அளந்த ஆற்றல்.

குறை இங்கேதான். கணிப்புக்காகத் தகட்டைக் கணினியில் சிறு கூறுகளாகப் பிரிக்கும் வலையின் கண், முதல் அறிக்கையில் 5 மி.மீ. அளவில் இருந்தது. விரிசல் முனையில் விசை தளரும் பகுதியே எங்கள் தகட்டில் ஏறத்தாழ 10 மி.மீ. நீளம்தான் என்று அவர்கள் அறிக்கையே சொல்லும்போது, அதற்குள் குறைந்தது மூன்று கூறுகளாவது இருக்க வேண்டும் என்ற பொதுவான விதியை எப்படி விட்டார்கள் என்று கேட்டேன். வலை பருமனானால் தட்டு தாங்கும் சுமை உள்ளதைவிடக் கூடுதலாகவே வரும். படகில் ஏறுவோருக்கு அது ஆபத்தான பக்கத்துப் பிழை. கேட்டபின் 1 மி.மீ. வலையில் மறுபடி கணித்தார்கள், சுமை இறங்கியது. அதற்குத் தனிக் கட்டணம் வாங்கவில்லை என்றாலும், நான் கேட்காமலேயே செய்திருக்க வேண்டிய வேலை அது.

திருத்திய கணிப்பின்படி, இரண்டு ரோவிங் நேரடியாக ஒட்டும் இடத்தில்தான் பிரிவு தொடங்குகிறது. இப்போது அவ்விடங்களில் இடையே ஒரு மேட் போடுகிறோம். இச்சேவையை நாடும் பட்டறைக்காரர்கள் இரண்டு வலை அளவுகளில் கணித்த வரைபடத்தை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.