ஃபிஜி "கிராமத்து அனுபவம்" பேக்கேஜ்: முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

போன ஆகஸ்டில் அம்மா, மனைவி, நான் மூவரும் ஃபிஜி போய் வந்தோம். கோவையில் ஒரு டிராவல் ஏஜென்ட்தான் ஏற்பாடு. அதே பேக்கேஜை இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார், அதனால்தான் எழுதுகிறேன்.

"பீச் ரிசார்ட் எல்லாரும்தான் போறாங்க சார், உங்களுக்கு நிஜமான ஃபிஜியைக் காட்டுறேன்" என்றார். போனில் நவாலா ஊரின் படத்தைக் காட்டினார். வீத்தி லேவு தீவில், பா நகரத்துக்கு மேலே மலைக்குள் இருக்கும் ஊர் அது. புல் கூரை வேய்ந்த பூரே வீடுகள் இன்னும் வரிசையாக நிற்கும் இடம். அங்கே ஒரு பகல், லோவோ விருந்து, மேக்கே நடனம், நாண்டி நகரத்து முருகன் கோயில், எல்லாம் சேர்த்துத் தலைக்கு 92,000 ரூபாய், விமானக் கட்டணம் தனி. பாதியை முன்பணமாகக் கட்டினோம். அதற்கு மேல் "விசா செலவு" என்று தலைக்கு 6,500.

முதல் ஏமாற்று அந்த விசாவில்தான். சுற்றுலா போகும் இந்தியர்களுக்கு ஃபிஜி போக முன்கூட்டியே விசா எடுக்க வேண்டியதில்லை. நாண்டி விமான நிலையத்தில் திரும்பும் டிக்கெட்டைப் பார்த்து முத்திரை குத்தி அனுப்பினார்கள். ஒரு காசு கேட்கவில்லை.

பணம் போனதுகூடப் பெரிதில்லை. அந்த ஊர் வாசலில் நாங்கள் நின்ற நிலைதான் இன்னும் உறுத்துகிறது. எங்களை அழைத்துப் போனது ஞாயிற்றுக்கிழமை. ஃபிஜி கிராமங்களில் ஞாயிறு என்றால் தேவாலயம், வீட்டுச் சாப்பாடு, ஓய்வு. வெளியாட்கள் போகும் நாளே இல்லை. எந்த நாளானாலும் வெறுங்கையோடு போகக் கூடாது. பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் யங்கோனா என்ற செடியின் வேரை ஒரு கட்டாகக் கொண்டுபோய் ஊர்ப் பெரியவர் முன் வைத்து, உள்ளே வர அனுமதி கேட்க வேண்டும். அதற்கு செவுசெவு என்று பெயர். இதில் ஒன்றுமே எங்களுக்குத் தெரியாது. வேன் டிரைவரும் சொல்லவில்லை.

ஊரின் பொறுப்பாளர், துராங்கா நி கோரோ என்பார்கள், சுலு வேட்டியோடு வெளியே வந்தார். குரலை உயர்த்தவே இல்லை. "நீங்கள் வருவதாக யாரும் எங்களிடம் கேட்கவில்லையே" என்றார். அவர் பக்கத்தில் நின்ற சிறுமி என் தலையைப் பார்த்தபடி தன் தலையைத் தொட்டுக் காட்டினாள். ஊருக்குள் தொப்பி போடுவது அவமரியாதை என்று அப்போதுதான் தெரிந்தது. தொப்பியைக் கழற்றி, கை கூப்பி மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பினோம். அம்மா வழி முழுக்கப் பேசவே இல்லை.

அன்று இரவு ஒரு ஹோட்டல் புல்வெளியில் உட்காரவைத்து, ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டு, அரை மணி நேரம் ஆடிக் காட்டி "இதுதான் கிராமத்து விருந்து" என்றார்கள். லோவோ என்பது குழி தோண்டி, கல்லைச் சுடவைத்து, இறைச்சியையும் கிழங்கையும் பொதிந்து மண்மூடி வேகவைப்பது. புகை வாசனை ஏறியிருக்கும். எங்கள் தட்டில் இருந்தது சாதாரண அடுப்பில் வெந்த கோழி. ஏஜென்டைக் கூப்பிட்டால், "பேப்பரைப் பாருங்க சார், 'அல்லது அதற்கு இணையான நிகழ்ச்சி'னு போட்டிருக்கே" என்கிறார். போட்டுத்தான் இருந்தது, கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில்.

முருகன் கோயிலுக்கு அவர் ஒதுக்கியது 20 நிமிடம். 1903 முதல் மதராஸிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கூலி ஒப்பந்தத்தில் கப்பலேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கும்பிடும் கோயில் அது. அங்கே ஒரு பாட்டி இந்தியில் பேசிக்கொண்டே வந்து, "வா, உக்காரு" என்று மட்டும் தமிழில் சொல்லி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். வேன் ஹாரன் அடித்தது.

மறுநாள் அந்த வேனை வேண்டாம் என்று அனுப்பிவிட்டு, உள்ளூர் டாக்சிக்காரர் ஒருவரிடம் நடந்ததைச் சொன்னோம். அவரே வேறொரு ஊருக்குப் போன் போட்டு, நாங்கள் வரலாமா என்று கேட்டார். நாண்டி சந்தையில் அரைக் கிலோ யங்கோனா வேர் வாங்க வைத்தார். செவ்வாயன்று போனோம். பாயில் உட்கார்ந்து, தானோவா என்கிற மரக்கிண்ணத்தில் கரைத்ததைத் தேங்காய்ச் சிரட்டையில் தந்தார்கள். ஒருமுறை கைதட்டி வாங்கி, ஒரே மூச்சில் குடித்து, மூன்று முறை கைதட்ட வேண்டும். மண் கலந்த கசப்பு. நாக்கு மரத்துப்போனது. சாயங்காலம் வரை எங்களை எழுந்திருக்கவே விடவில்லை. அந்த ஒரு நாள்தான் நாங்கள் ஃபிஜி பார்த்த நாள்.

ஆகவே யாராவது "கிராமத்து அனுபவம்" என்று விற்றால், எந்த ஊர், என்ன கிழமை, அந்த ஊரில் யாரிடம் அனுமதி கேட்டீர்கள், யங்கோனா யார் வாங்குவது என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். "அல்லது இணையான" என்ற வரி இருந்தால் நீக்கச் சொல்லுங்கள், நீக்க மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். நாண்டி கடைத்தெருவில் பெயரைக் கேட்டு மரக்கத்தியில் செதுக்கிக் கொடுத்துவிட்டுப் பணம் கேட்பவர்களும் உண்டு. பெயரைச் சொல்லாதீர்கள்.

விசா என்று வாங்கிய 19,500 ரூபாயைக் கேட்டு மூன்று முறை எழுதிவிட்டேன், பதில் இல்லை. நவாலாவின் படம் மட்டும் அவருடைய விளம்பரத்தில் அப்படியே இருக்கிறது. போன வாரம் ஈரோட்டிலிருந்து ஒருவர் அதே படத்தை எனக்கு அனுப்பி, "இது எப்படி இருக்கும் அண்ணா, தீபாவளி லீவுக்குப் போகலாமா?" என்று கேட்டார்.