காருக்கு முன்னால் எர்த் குழி

"எலக்ட்ரிக் கார் வாங்கப் போறேன் அண்ணாச்சி, எந்த மாடல் நல்லது?" என்று போன வாரமும் ஒரு நண்பர் கேட்டார். வீட்டில் எர்த், அதாவது கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற கம்பி, எப்படி இருக்கிறது என்றுதான் நான் திருப்பிக் கேட்டேன். வண்டியைக் குறை சொல்ல எனக்கு அதிகமில்லை. சத்தம் கிடையாது, கிளட்ச் கிடையாது, 30 யூனிட் பேட்டரியில் திருநெல்வேலியிலிருந்து குற்றாலம் போய்த் திரும்பத் தாராளமாகக் காணும். மூன்று வருடமாக என் உயிரை வாங்குவது சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்.

15 ஆம்பியர் பாயின்ட் இருந்தால் போதும் என்று விற்கிறவர்கள் சொல்வது பாதி உண்மை. அதே பாயின்ட்டில் ஏசி ஓடுகிறதே என்பார்கள்; ஏசி கம்ப்ரஸர் விட்டு விட்டு ஓடும். கார் சார்ஜர் 14, 15 ஆம்பியரை எட்டு ஒன்பது மணி நேரம் விடாமல் இழுக்கும். உள்ளே ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருந்தாலும் அந்த இடம் கொதிக்கும். முதலில் சாக்கெட் ஓட்டையின் ஓரம் பழுப்பாகும், பிறகு இளகும். சார்ஜ் போட்ட அரை மணி நேரத்தில் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிடுங்கள். 15 ஆம்பியரை 10 ஆகக் குறைத்தால் அந்தச் சூடு பாதிக்கும் கீழே போகும், ஆனால் அது தற்காலிக வழிதான். மீட்டர் போர்டிலிருந்து தனி லைன், 4 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர், கரண்ட் அளவு மீறினால் அணைகிற 20 ஆம்பியர் எம்சிபி, கரண்ட் கசிந்தால் அணைகிற 30 மில்லி ஆம்பியர் டைப் ஏ ஆர்சிசிபி, இண்டஸ்ட்ரியல் சாக்கெட். இதுதான் சரியான வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெயினை அணைத்து ஸ்க்ரூக்களை முறுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது எர்த். வீட்டில் கீசர் ஓடும்போது மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஃபேஸுக்கும் (கரண்ட் வரும் வயர்) நியூட்ரலுக்கும் (கரண்ட் திரும்பும் வயர்) இடையில் காட்டுகிற வோல்ட்டேஜையே ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் இரண்டு, மூன்று வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. போனால் சார்ஜரில் சிவப்பு விளக்குதான், சார்ஜ் ஏறாது. திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலில் ஈரமே நிற்காது. சங்கரன்கோவில் கரிசல் கோடையில் வெடித்து எர்த் கம்பியை விட்டே விலகிவிடும். மழைக்காலத்தில் ஒழுங்காக ஏறிய சார்ஜ் சித்திரையில் மக்கர் பண்ணுவது இதனால்தான். மூன்று மீட்டர் கம்பி இறக்கி, சுற்றிலும் ஈரத்தைப் பிடித்து வைக்கிற பெண்டோனைட் களிமண் கலவை போடுங்கள். கரியும் உப்பும் வேலை செய்யும், ஆனால் உப்பு சில வருடத்தில் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பியை அரித்துவிடும். ஏசியில் சொட்டும் தண்ணீரைக் குழாய் வழியாகக் குழிக்குள் விட்டால் கோடை முழுக்க ஈரம் காக்கும்.

என் கோபமெல்லாம் ஒரே ஒரு 'வைத்தியத்தின்' மேல்தான். சிவப்பு விளக்கை அணைக்க, சில எலக்ட்ரீஷியன்கள் சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுகிறார்கள். சார்ஜர் ஏமாந்து பச்சை காட்டும். எங்காவது நியூட்ரல் அறுந்தால் காரின் பாடி முழுவதிலும் கரண்ட் நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு கதவைத் தொடுகிற குழந்தையை நினைத்துப் பாருங்கள். அந்த வேலையைச் செய்பவரை மறுபடி வீட்டுக்குள் விடாதீர்கள்.

மற்றவை சில்லறை விஷயம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 150 யூனிட் கூடும். இரண்டு மாத மின் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், அதற்குக் கீழே உள்ள சில படிகளின் யூனிட் விலையும் ஏறும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுக்கு எதிரே நாகர்கோவில் போகும்போது 80-ஐத் தாண்டாதீர்கள், சார்ஜ் கரைந்துவிடும்.

இவ்வளவு நல்ல வண்டிதான். ஆனாலும் வாடகை வீட்டு மாடியில் இருந்துகொண்டு, கீழே குழி தோண்ட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை என்றால், இப்போது வாங்காதீர்கள்.