ஜே கே பி ஓ செமிகோலன்: பார்வையற்ற மாணவனின் ஐந்து வருடக் கல்லூரி அனுபவம்

எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பிளஸ் டூ வரை சிறப்புப் பள்ளியில் பிரெய்லியில் படித்தேன். பிறகு சென்னையில் மூன்று வருடம் பி.ஏ. வரலாறு, இப்போது எம்.ஏ. இரண்டாம் வருடம். கல்லூரியில் 'மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான வசதி' என்று எதெல்லாம் உண்டோ, அதில் எனக்குப் பொருந்தியதை எல்லாம் பயன்படுத்திப் பார்த்தாகிவிட்டது. ஜூன் மாதம் வந்தால் பள்ளியில் இருந்து தம்பி தங்கைகள் போன் போட்டு, "அண்ணா, காலேஜ்ல என்னென்ன கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவிட்டேன். கல்லூரியின் பெயர் மட்டும் கேட்காதீர்கள். இன்னும் ஒரு செமஸ்டர் பாக்கி இருக்கிறது.

சேர்வதில் சிக்கல் இல்லை. 2016 சட்டப்படி அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் நமக்கு 5 சதவீத இடம் உண்டு. யூ.டி.ஐ.டி. அட்டையை (மத்திய அரசு தரும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) கையில் வைத்துக்கொள்ளுங்கள், போதும். சேர்ந்த பிறகுதான் கதையே ஆரம்பம்.

முதலில் ஸ்கிரைப். தேர்வில் நாம் சொல்லச் சொல்ல எழுதுகிறவர். ஸ்கிரைப் கிடைத்தால் பாஸ் ஆகிவிடலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முதல் செமஸ்டரில் கல்லூரியே ஒரு பையனை ஏற்பாடு செய்தது. நல்ல பையன், ஆனால் பள்ளியில் தமிழையே எடுக்காமல் படித்தவன். உத்திரமேரூர்க் கல்வெட்டு பற்றிய கேள்வி. நான் 'குடவோலை' என்றதும் "குடை ஓலையாண்ணா?" என்றான். 'ஏரி வாரியம்' என்று சொன்னேன். எழுதியதைப் படித்துக்காட்டச் சொன்னால் 'எரி வாரியம்' என்று படிக்கிறான். பராந்தக சோழன் காலத்து ஊர்ச்சபையில் தீயணைப்புத் துறை இருந்ததாக விடைத்தாள் சொல்லியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சொல்லையும் எழுத்துக்கூட்டிச் சொல்ல ஆரம்பித்தேன். மூன்று மணி நேரம் அப்படிச் சொல்லிப் பாருங்கள், தொண்டை கட்டிவிடும். அதைவிட, யோசித்து வைத்திருந்த அடுத்த வரி மறந்துபோகும்.

அதன் பிறகு ஸ்கிரைப்பை நானே தேடிக்கொண்டேன். 2018 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறை அதற்கு இடம் கொடுத்தது. அதில் ஒரு நிபந்தனை இருந்தது: நாம் அழைத்து வருகிறவரின் படிப்பு நம் படிப்பைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும். நியாயம்தான், அவரே விடை எழுதிவிடக் கூடாதே. ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது? நான் பி.ஏ. படித்தபோது பிளஸ் டூ படிக்கிறவர்கள் வேண்டும். நவம்பர் தேர்வுக்கு அவர்கள் பள்ளிக்கு லீவ் போட்டு வர வேண்டும், அம்மாக்களிடம் அனுமதி வாங்கவே பாதி நாள் போகும். இப்போது எம்.ஏ., அதனால் இளங்கலை மாணவர்கள் வேண்டும். அவர்களுக்கும் அதே வாரத்தில்தான் தேர்வு.

இதில் அலுவலகம் வேறு. ஒவ்வொரு செமஸ்டரும் "எழுத இயலாதவர் என்று டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கிட்டு வாப்பா" என்பார்கள். பார்வையற்றவர்களுக்கு அந்தச் சான்று தேவையே இல்லை, கேட்டாலே ஸ்கிரைப் தர வேண்டும் என்று அதே நெறிமுறையில் இருக்கிறது. மூன்றாவது செமஸ்டரில் அதைப் பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன். அன்றில் இருந்து அந்தத் தாள் என் பையில் டிபன் பாக்ஸுக்கு அடுத்த அறையில் இருக்கிறது. நீங்களும் இப்போது நடப்பில் உள்ள நெறிமுறையை ஒரு பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சண்டை போடத் தேவையில்லை, காட்டினாலே போதும்.

கூடுதல் நேரம் மணிக்கு 20 நிமிடம், அதாவது மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். காகிதத்தில் முழுசாகக் கிடைத்துவிடும். ஆனால் மூன்று மணிக்குப் பெல் அடித்ததும் மற்றவர்கள் பெஞ்சைத் தள்ளிவிட்டு எழுந்து போவார்கள், வராந்தாவில் கூச்சல், மேற்பார்வை ஆசிரியர் பேப்பர் கட்டை எண்ண ஆரம்பிப்பார், வாட்ச்மேன் அண்ணன் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே இரண்டு முறை எட்டிப் பார்ப்பார். யாரும் போகச் சொல்வதில்லை. ஆனாலும் நாற்பது நிமிடத்தில் எழுந்துவிடுவேன். தனி அறை கேட்டு வாங்கிய பிறகுதான் அந்த ஒரு மணி நேரம் எனக்கே எனக்கானது. அறை கேட்கும்போது மின்விசிறி சத்தம் போடாத அறையாகக் கேளுங்கள், ஸ்கிரைப்புக்குக் காது கேட்க வேண்டும்.

வரைபடக் கேள்விக்குப் பதிலாக வேறு கேள்வி வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். நான் முதல் வருடம் சும்மா இருந்து மார்க்கை விட்டேன்.

இப்போது தலைப்பு விஷயம். என் லேப்டாப்பில் இருப்பது என்.வி.டி.ஏ. பார்வையற்ற ஆஸ்திரேலியர் இருவர் உருவாக்கிய இலவச ஸ்கிரீன் ரீடர், அதாவது திரையில் இருப்பதை வாசித்துக்காட்டும் மென்பொருள். தமிழுக்கு விண்டோஸில் 'வள்ளுவர்' என்ற குரல் உண்டு, கேட்க இதமாக இருக்கும். எனக்கு ஈஸ்பீக் குரல்தான் பிடிக்கும். ஹாஸ்டல் நண்பன் அதைக் 'கொசு' என்பான், ஆனால் எவ்வளவு வேகம் வைத்தாலும் சொல் உடையாது. முதல் வருடம் பேராசிரியர் ஒருவர் பெரிய மனதோடு தன் பாடக்குறிப்பு முழுவதையும் பென் டிரைவில் கொடுத்தார். ஆசையாகத் திறந்தேன். கொசு வாசித்தது: "ஜே கே பி ஓ செமிகோலன்."

அது 'தமிழ்' என்ற சொல். பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு. திரையில் பார்க்கிறவர்களுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பதோ வெறும் ஆங்கில எழுத்துகள். இருநூறு பக்கமும் அப்படி. என்.எச்.எம். கன்வர்ட்டர் என்ற மென்பொருளில் போட்டு, கணினி தமிழைத் தமிழாகவே அறியும் யூனிகோடாக மாற்றலாம் என்று ஒரு சீனியர் அக்கா சொல்லித்தான் தெரிந்தது. 2010-லேயே தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. ஜெராக்ஸ் கடைகளுக்கும் டி.டி.பி. சென்டர்களுக்கும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

ஸ்கேன் செய்த பி.டி.எஃப். இன்னொரு வகைத் தொல்லை. கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாறும், பழைய அச்சு என்றால் காலும் ரகரமும் குழம்பும். அடிக்குறிப்பு வாக்கியத்தின் நடுவே வந்து உட்காரும். அசோகரைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கும்போதே திடீரென்று "மேலது, பக். 43" என்று கேட்கும்.

நூலகத்தில் புத்தகத்தை ஸ்கேன் செய்யக் கேட்டால் "காப்பிரைட் பிரச்சினை வரும்பா" என்றார்கள். 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, நமக்கு வாசிக்க ஏற்ற வடிவில் மாற்றிக்கொள்ள அனுமதி கொடுத்துவிட்டார்கள். இதையும் ஒரு தாளில் எடுத்து முந்தைய தாளோடு சேர்த்துப் பின் அடித்து வைத்திருக்கிறேன். பார்வையற்றோருக்கான இணைய நூலகமான சுகம்ய புஸ்தகாலயாவில் ஆங்கில நூல்கள் நிறைய எடுத்தேன், நான் தேடிய தமிழ் வரலாற்று நூல்கள் குறைவு. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் பிரெய்லி பிரிவுக்கு ஒருமுறையாவது போய் வாருங்கள். விரலால் படித்து எத்தனை நாள் ஆயிற்று என்று அங்கே உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

கல்லூரியில் எங்களுக்கென்று ஏ.சி. போட்ட தனி கம்ப்யூட்டர் அறை உண்டு. விலை கொடுத்து வாங்கிய மென்பொருளின் உரிமம் முடிந்து கிடக்கிறது. திறப்பு விழாவுக்குப் பிறகு சாவி யாரிடம் என்பதே ஒரு ஆராய்ச்சி. அந்த அறையைக் கொடுத்துவிட்டு ஒவ்வொரு பேராசிரியரிடமும் ஒரு யூனிகோடு வேர்டு கோப்பு வாங்கிக் கொடுத்தால் நான் சந்தோஷமாக மாற்றிக்கொள்வேன்.

லிஃப்டில் பிரெய்லி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள், தலைகீழாக. வீல்சேரில் வரும் தோழி சாய்தளத்தைப் பற்றி ஒன்று சொல்வாள்: "ஏறும்போது நாலு பேர் வேணும், இறங்கும்போது நான் வண்டியை ஓட்டலை, அதுதான் என்னை ஓட்டுது." பன்னிரண்டடி நீளத்துக்கு ஓரடி உயரம் என்பது கணக்கு. அங்கே யாரோ கண்ணளவில் கட்டியிருக்கிறார்கள்.

ஏப்ரலில் கடைசி செமஸ்டர். என் போனில் 'எழுத' என்று தொடங்கும் பெயர்கள் பதினொன்று இருக்கின்றன: எழுத பிரியா, எழுத கார்த்தி, எழுத கார்த்தி தங்கச்சி. போன வாரம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். மூன்று பேருக்கு அதே நாளில் தேர்வு, ஒருத்திக்குக் கல்யாணம். கல்வெட்டியல் தாளுக்கு மட்டும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. இளங்கலை படிக்கிற, றகர ரகரம் தெரிந்த யாராவது இருந்தால் சொல்லுங்கள். மதியச் சாப்பாடு என் பொறுப்பு.