கொடைக்கானல் வாடகை வீடும் துப்புரவுக் கட்டணமும்

கொடைக்கானலில் நாங்கள் இரண்டு இரவுகள் தங்கிய வீட்டுக்கு இரவு வாடகை 3,500 ரூபாய். தொலைபேசியில் பேசி முடித்தபோது சொல்லாத துப்புரவுக் கட்டணம் 1,200 ரூபாயைச் சாவி கொடுக்கும்போதுதான் கேட்டார்கள். விரிப்புகள் வெளுப்பாகவும் குளியலறை பாசியின்றியும் இருந்ததால் தொகையைக் குறை கூற மாட்டேன். ஆனால், பாத்திரம் கழுவி, குப்பையை வாசலில் வைத்த பின்பே கிளம்ப வேண்டும் என்று சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த தாள் உறுத்தியது. அடிப்பிடித்த பால் பாத்திரத்தை அந்தக் குளிர்நீரில் நான்தான் தேய்த்தேன் (மனைவி சிரித்துக்கொண்டிருந்தார்). தங்கும் வீடுகளை இணையத்தில் பதிவு செய்ய உதவும் ஏர்பிஎன்பி தளம் 2025 ஏப்ரல் முதல் இத்தகைய கட்டணங்களையும் சேர்த்த மொத்த விலையைத் தேடும்போதே காட்டுகிறது. நேரடியாகப் பதிவு செய்வோர் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எத்தனை இரவு தங்கினாலும் கட்டணம் அதேதான் என்பதால், ஐந்து இரவு தங்குவோருக்கு இரவுக்கு 240 ரூபாய்தான் கூடுதலாகும். ஓரிரவுக்கு இந்த வீட்டைப் பரிந்துரைக்க மாட்டேன்.