ஒன்றரை வருஷமா பேசுற பெக் போர்டு: அந்த காந்தம்தான் எனக்கு ஆகல

விலை குறைஞ்சிருக்கு, வாங்கலாமா அண்ணின்னு நாத்தனார் நேத்து லிங்க் அனுப்பினா. எங்க வீட்டுல இருக்குற அதே பெக் போர்டு, ஓட்டை ஓட்டையா இருக்குற பலகைல கலர் கலரான குட்டி முளைங்களை (அதுதான் பெக்) சொருகுற பேட்டரி பொம்மை. போன வாரம்தான் ஒரு வரிசை லைட்டு செத்துப்போய் ரிப்பேர் பண்ணி வாங்கிட்டு வந்தோம், அதனால கொஞ்சம் சூடாதான் எழுதுறேன்.

லைட் எரியுற ஓட்டைல அதே கலர் பெக்கை வைக்கணும், சரின்னா பாட்டு பாடும், தெரிஞ்சதுதான். பையனுக்கு அப்போ மூணு வயசு, அஞ்சு நிமிஷம் ஒரு இடத்துல நிக்காதவன் இதுக்கு முன்னாடி அரை மணி நேரம் உக்காந்தான், அதை மறைக்க மாட்டேன். கொத்தா அள்ளுனவன் ரெண்டே மாசத்துல கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேத்து ஒவ்வொண்ணா எடுக்க ஆரம்பிச்சான்.

ஆனா அந்த காந்தம்! ஒவ்வொரு பெக் அடியிலயும் ஒண்ணு இருக்கு, ஓட்டைகிட்ட கொண்டுபோனாலே டக்குனு இழுத்துக்கும். திருப்பி, நேராக்கி, அழுத்திச் சொருகுறதுதானே விரலுக்கு வேலை, அதை புள்ளைகிட்ட இருந்து இதுவே பிடுங்கிக்குது. நாலரை வயசுல கிரேயானை முஷ்டி மடக்கிதான் பிடிக்கிறான்னு ஸ்கூல் டைரில எழுதி விட்டப்போதான் எனக்கு உறைச்சுது. ஜிஎச்ல இருக்குற டி.இ.ஐ.சி.க்கு, அதாவது குழந்தைங்க வளர்ச்சில குறை இருந்தா ஆரம்பத்துலயே பாத்து பயிற்சி குடுக்குற அரசு சென்டருக்கு, கூட்டிட்டு போனேன், காசு வாங்குறதில்ல, தேவைப்படுறவங்க தயங்காம போங்க. அங்க தெரபிஸ்ட் மேடம் துணி கிளிப்பைக் குடுத்து அட்டை ஓரத்துல மாட்டச் சொன்னாங்க. இருபது பெக்கை அலட்டிக்காம வைக்கிறவன் மூணாவது கிளிப்புல கை வலிக்குதுன்னுட்டான்.

ரிப்பேர் ஆகி வந்த அன்னிக்கு பெக்கை எல்லாம் துடைக்கிறேன், ஒண்ணுல அடி விரிசல் விட்டு காந்தம் வெளிய எட்டிப் பாக்குது. ரெண்டு காந்தத்தை குழந்தை முழுங்கினா குடலுக்குள்ள ஒண்ண ஒண்ணு இழுத்து குடலையே பொத்துடும், ஆபரேஷன் வரைக்கும் போகும். 2021ல இருந்து பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், இதுலயும் இருக்கு, ஆனா முத்திரை பாத்து வாங்குனதோட விட்டுடாதீங்க, மாசம் ஒருதடவை அடியைத் திருப்பிப் பாருங்க.

இதுல நான் எதிர்பாக்காத சந்தோஷம் ஒண்ணு உண்டு, பேட்டரி மூடி ஸ்க்ரூ. சின்னப் புள்ளைங்க திறந்துடக் கூடாதுன்னு வச்சது. ஒருநாள் அவங்கப்பா பக்கத்துல உக்காந்து ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை இவன் கைல குடுத்தார். இடது கையால போர்டை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, நாக்கை ஓரமா நீட்டி, மூணு விரலால சுத்துறான், வழுக்குது, மறுபடி வைக்கிறான், ஒரு சுத்துக்கு நாலு தடவை. இழுத்துக்கிற காந்தமும் இல்ல, பாட்டும் இல்ல. ஸ்க்ரூ கழண்டு உள்ளங்கைல விழுந்ததும் என்னைப் பாத்த பார்வை இன்னும் கண்ணுலயே நிக்குது.

அதனால நாத்தனாருக்கு வேணாம்னே சொல்லிட்டேன், பாதி விலைன்னாலும் வேணாம். ஒரு டஜன் துணி கிளிப்பும் மூடி போட்ட நாலு டப்பாவும் போதும். எங்க வீட்டு போர்டை மட்டும் தூக்கிப் போட மனசு வரல, பேட்டரி எப்போ தீரும்னு இவன் தினம் கேக்குறான்.