லொஃப்டில் ஸ்ப்ரே ஃபோம் அடிக்க வருகிறவர்களிடம் கவனம்

குளிர் தொடங்குவதற்கு முன்னம் இதை எழுதிவிடுகிறேன். லொஃப்ட் என்றால் கூரைக்கும் சீலிங்குக்கும் இடையிலுள்ள இடம்; இன்சுலேஷன் என்றால் வீட்டுச் சூடு வெளியே போகாமல் தடுக்கும் அடைப்பு; ஸ்ப்ரே ஃபோம் என்பது பீச்சியடிக்கும் நுரை இன்சுலேஷன். "உங்கள் லொஃப்ட் இன்சுலேஷன் காலாவதியாகிவிட்டது, இலவசமாகப் பார்த்துத் தருகிறோம்" என்று யாராவது கதவைத் தட்டினால் உள்ளே விடாதீர்கள். குறிப்பாக இங்கே லண்டனில் பழைய வீடு வைத்திருப்பவர்கள்.

எங்களுடையது 1930களில் கட்டிய செமி, ஒரு பக்கம் பக்கத்து வீட்டோடு ஒட்டிய வீடு. வந்தவர் ஒரு தமிழ்ப் பெடியன். அங்கிள், அன்ரி என்று மரியாதையாகக் கதைத்தபடியே லொஃப்டுக்கு ஏறினார். இரண்டு ஊசி நீட்டிக்கொண்டிருந்த சின்ன மீட்டரைக் கைமரத்தில் குத்தினார். அது கீச்கீச்சென்று கத்தியது. "பாருங்கோ அங்கிள், ஈரம். இப்படியே விட்டால் கூரை உக்கிப் போயிடும்." கூரை மரத்தில் 20 சதவீதத்துக்குக் கீழே ஈரம் இருப்பது சாதாரணம் என்று பிறகுதான் சர்வேயர் (வீட்டின் நிலையைப் பரிசோதிப்பவர்) சொன்னார். எந்த அளவில் கத்த வேண்டும் என்பதைச் சில மீட்டர்களில் நாமே மாற்றி வைக்கலாமாம்.

ஃபோம் அடித்தால் ஹீட்டிங் பில் பாதியாகும் என்றார். விலை 3,800 பவுண்ட். ஓட்டுக்குக் கீழே, கைமரங்களுக்கு இடையில் அடித்தார்கள். புளித்த தோசைமா போல அது பொங்கி மரத்தையெல்லாம் மூடிவிட்டது.

அந்தக் குளிர்காலத்து காஸ் பில்லில் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. இன்சுலேஷனே இல்லாத வீட்டில்கூடக் கூரை வழியாகப் போகிற சூடு ஏறக்குறைய காற்பங்குதான். அதை முழுதாக அடைத்தாலும் பில் எப்படிப் பாதியாகும்? அதோடு எங்கள் சீலிங்குக்கு மேலே ஏற்கெனவே 100 மில்லிமீட்டர் கண்ணாடி நார் கிடந்தது. பில்லில் மிச்சம் பிடிக்கக்கூடியதில் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிட்டது.

பில்லைவிடப் பெரிய அடி ரீமோர்ட்கேஜ் செய்ய, அதாவது வீட்டுக் கடனைப் புதிதாக மாற்றி எடுக்கப் போனபோது விழுந்தது. சர்வேயர் லொஃப்டுக்குள் தலையை நீட்டினார், உடனே இறங்கிவிட்டார். மரம் நல்லதா உக்கியதா என்று பார்க்க வழியில்லை, ஃபோம் மூடியிருக்கிறது. வங்கி மறுத்துவிட்டது. இப்படி மறுக்கும் வங்கிகள் பல. ஃபோம் அடித்த எல்லாக் கூரையும் உக்கும் என்று நான் சொல்லவில்லை. 2020இல் வந்த கிரீன் ஹோம்ஸ் கிராண்ட் என்ற அரசாங்க உதவித் திட்டம் இதற்கும் காசு கொடுத்தது. அதனால் "கவர்மென்ட் அப்ரூவ்ட்" என்று அவர்கள் சொன்னதை முழுப்பொய் என்றும் தள்ள முடியவில்லை, அதுதான் எரிச்சல்.

25 வருட உத்தரவாதக் கடிதம் பத்திரமாக இருக்கிறது, கம்பெனிதான் இல்லை. கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரச அலுவலகமான கம்பெனீஸ் ஹவுஸின் பதிவில் கலைக்கப்பட்டது என்று கிடக்கிறது. வீட்டுக்கு வந்து விற்கும் ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் ரத்துச் செய்யும் உரிமை இந்த நாட்டில் உண்டு. அதைப் பயனில்லாமல் ஆக்கத்தான் "உடனே வேலை தொடங்கச் சம்மதம்" என்று இன்னொரு தாளிலும் கையொப்பம் வாங்குகிறார்கள். முற்பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டியது ஒரு நல்ல காலம். 100 பவுண்டுக்கு மேல், 30,000 வரை விலையுள்ள வேலைக்கு ஒரு பகுதியைக் கார்டில் கட்டியிருந்தாலும், 1974ஆம் ஆண்டுக் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி கார்டு வங்கிக்கும் பொறுப்பு உண்டு. அந்த வழியில் இப்போது கேட்டிருக்கிறோம்.

ஹீட்டிங் செலவு குறைய வேண்டுமென்றால் சீலிங்குக்கு மேலே நார் இன்சுலேஷனை 270 மில்லிமீட்டர் வரை கூட்டிப் போடுங்கள், கூரை ஓரத்துக் காற்றுவழியை அடைக்காமல். கொம்பி பொய்லரில் (தண்ணீர்த் தாங்கி இல்லாமல் வீட்டையும் குழாய்த் தண்ணீரையும் சூடாக்குவது) ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் வெப்பத்தை 60 பாகைக்கு இறக்குங்கள், அதற்குச் சதமும் செலவில்லை.

இன்னொன்று. இப்போது வேறு ஆட்கள் ஃபோன் எடுக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஃபோம் இருப்பது அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. "ஆபத்தான ஃபோம், கழற்றித் தருகிறோம், இன்றைக்கே முற்பணம் கட்டினால் விலைக்கழிவு." கழற்றுவதற்கு அவர்கள் கேட்பது அடித்த விலையைவிடக் கூட. சுயாதீனமான சர்வேயர் ஒருவர் வந்து எழுத்தில் தராமல் யாருக்கும் ஒரு பவுண்டும் கட்டாதீர்கள். ஏமாந்தவர்கள் இலவச ஆலோசனை அமைப்பான சிட்டிசன்ஸ் அட்வைஸில் முறையிடுங்கள், அவர்கள் வியாபார மோசடிகளை விசாரிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கு அனுப்புவார்கள்.